அரசு வீடியோ டெண்டர்: விலையைக் கடைசியில் எழுதுங்கள்

பிள்ளையார் நோன்பு அன்று எங்கள் பக்கம் நடக்கும் ஏலத்தைப் பார்த்திருப்பீர்கள். கடையில் பத்து இருபது ரூபாய்க்குக் கிடைக்கிற உப்பையும் எலுமிச்சம்பழத்தையும் வைத்துக்கொண்டு ஒருவர் ஆயிரம் என்பார், இன்னொருவர் இரண்டாயிரம் என்பார், ஊரே கேட்க விலை ஏறிக்கொண்டே போகும். முன்னால் கேட்டவர் சொன்னதை வைத்து அடுத்தவர் கூட்டிக் கேட்கலாம், வேண்டாம் என்றால் சும்மா இருந்துவிடலாம். அரசு ஒரு வேலைக்கு விலை கேட்கிற டெண்டர் இதற்கு அப்படியே தலைகீழ். விலை இறங்கும், ஒருவர் போட்டது இன்னொருவருக்குத் தெரியாது, ஒரே தடவைதான் எழுத முடியும், எழுதியதை உறையைப் பிரிக்கும் நாளில்தான் எல்லாரும் பார்ப்பார்கள். தமிழில் ஒப்பந்தப்புள்ளி என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள், ஆனால் சிவகங்கை கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் நின்றால் எல்லாரும் டெண்டர் என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

நான் காரைக்குடியில் கல்யாண வீடியோ எடுக்கிறவன். தையும் ஆவணியும் தூங்க நேரமில்லை, ஆடியும் மார்கழியும் கேமராவைத் துடைத்து வைப்பதைத் தவிர வேலையில்லை. கானாடுகாத்தானில் பெரிய வீட்டு வாசலில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் நிறுத்தி எடுக்கிற ஆட்கள் எங்கள் தெருவிலேயே நாலு பேர் இருக்கிறோம். அந்தக் காலி மாதங்களை நிரப்பத்தான் அரசு வேலைப் பக்கம் பார்க்க ஆரம்பித்தேன். குப்பையைத் தரம் பிரிப்பது, டெங்கு கொசு, வாக்காளர் விழிப்புணர்வு, மழைநீர் சேமிப்பு, ஒரு திட்டத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று ரெண்டு மூணு நிமிடத்தில் விளக்குகிற வீடியோக்கள் நிறைய வருகின்றன, இதையெல்லாம் யாரோ எடுக்கத்தானே செய்கிறார்கள்? "அதெல்லாம் ஆள் தெரிந்தால்தான் கிடைக்கும்" என்று எல்லாரும் சொன்னார்கள். சில இடங்களில் அது உண்மையாக இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் நான் பார்த்த வரையில் பாதிப் பேர் ஆள் தெரியாமல் தோற்கவில்லை, பேப்பரைப் படிக்காமல் தோற்கிறார்கள். நானும் அப்படித்தான் முதல் தடவை தோற்றேன், அந்தக் கதை பின்னால் வரும்.

முதலில் யார் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்வோம். மாநில அரசின் துறைகள், மாவட்ட நிர்வாகம், உள்ளாட்சிகள் ஒரு பக்கம். காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆனது, இந்த மாதிரி உள்ளாட்சிகளும் விழிப்புணர்வு வீடியோ கேட்கும். அழகப்பா பல்கலைக்கழகம் மாதிரிக் கல்வி நிறுவனங்கள் இன்னொரு பக்கம். நம் ஊரிலேயே இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மாதிரி மத்திய அரசு நிறுவனங்கள் மூன்றாவது. இதைப் பிரித்துச் சொல்வதற்குக் காரணம், மாநிலத்துக்கு ஒரு சட்டம், மத்திக்கு வேறு விதிகள். தமிழ்நாட்டில் 1998-ல் வந்த ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000-ல் வந்த விதிகளும்தான் அடிப்படை. மத்திய அரசுப் பக்கம் 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள். வாங்கும் இடமும் வேறு: மாநிலத்துக்கு டிஎன்டெண்டர்ஸ் தளம், மத்திக்கு மத்திய கொள்முதல் தளமும், 2016-ல் தொடங்கிய ஜெம் என்கிற அரசின் ஆன்லைன் சந்தையும். மாநில விதிப்படி 2 கோடி ரூபாய் வரையுள்ள டெண்டருக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது 15 நாள் கொடுக்க வேண்டும், அதற்கு மேல் என்றால் 30 நாள். நம் மாதிரி ஆட்களுக்கு வருவதெல்லாம் 15 நாள் கணக்குதான். அதனால் வாரத்துக்கு ஒரு தடவையாவது தளத்தைப் பார்க்காவிட்டால், நீங்கள் கண்டுபிடிக்கும்போது ஆறு நாள்தான் மிச்சம் இருக்கும்.

இன்னொரு குழப்பம் பேனல். எம்பேனல்மென்ட் என்று ஒரு அறிவிப்பு வரும், அதற்கு விண்ணப்பித்துத் தேர்வானால் உங்கள் பெயர் அந்தத் துறையின் பட்டியலில் ஏறும், அவ்வளவுதான். பட்டியலில் ஏறியதும் வேலை கிடைத்துவிட்டதாக நினைத்துப் புதுக் கேமராவுக்கு இஎம்ஐ போட்டவரை எனக்குத் தெரியும். பிறகு வேலை வரும்போது பட்டியலில் உள்ளவர்களிடம் மட்டும் தனியாக விலை கேட்பார்கள், அல்லது முன்பே நிர்ணயித்த விலையில் ஒருவர் மாற்றி ஒருவராகக் கொடுப்பார்கள். 1948-ல் தொடங்கிய மத்திய அரசின் படப்பிரிவு, தியேட்டரில் படத்துக்கு முன்னால் நியூஸ் ரீல் போட்டார்களே அவர்கள்தான், 2022-ல் தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு சேர்க்கப்பட்டது, இப்போது அந்தப் பக்கத்து வேலைகளுக்கு அங்கேதான் பார்க்க வேண்டும். (1940-களில் ஏவிஎம் ஸ்டூடியோவே நம் தேவகோட்டை ரஸ்தாவில் கொஞ்ச காலம் இருந்தது, 1948-ல் சென்னைக்குப் போய்விட்டது. டெண்டரில் இதற்கு மார்க் கிடையாது, சும்மா சொல்லி வைத்தேன்.)

ரெண்டு கவர்

வீடியோ டெண்டரில் பெரும்பாலும் ரெண்டு கவர் முறைதான். முதல் கவர் தொழில்நுட்பம், அதாவது நீங்கள் யார், என்ன செய்திருக்கிறீர்கள், தகுதி உண்டா. ரெண்டாவது கவரில் விலை மட்டும். முதல் கவரில் தேறாதவரின் ரெண்டாவது கவரைத் திறக்கவே மாட்டார்கள். நீங்கள் ஊரிலேயே குறைந்த விலை போட்டிருந்தாலும் அது யாருக்கும் தெரியாமலே போய்விடும். இதில் ஒரு விபரீதமும் உண்டு: தெரியாமல் முதல் கவரில் எங்கேயாவது விலையை எழுதிவிட்டால், ஒரு கொட்டேஷனின் நகல் தவறிச் சேர்ந்துவிட்டால்கூட, மொத்தமாக நிராகரிக்கலாம்.

முதல் கவரில் என்ன கேட்பார்கள்? ஜிஎஸ்டி பதிவு, பான், கடந்த மூன்று வருட விற்றுமுதலுக்கு ஆடிட்டர் சான்றிதழ் (அதில் யூடிஐஎன், அதாவது ஒவ்வொரு சான்றிதழுக்கும் ஆடிட்டர் எடுக்கும் தனி அடையாள எண், இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், இல்லாத சான்றிதழ் செல்லாது), இதே மாதிரி வேலை செய்த வொர்க் ஆர்டர், அதை முடித்துக் கொடுத்ததற்கான சான்றிதழ், முன்வைப்புத் தொகை. வொர்க் ஆர்டர் இருந்து முடிப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால் பிரயோசனமில்லை. வேலை முடிந்து மூணு வருடம் கழித்துப் போய்க் கேட்டால், அன்றைக்கு உங்களோடு பேசிய அதிகாரி வேறு மாவட்டத்தில் இருப்பார். அதனால் கடைசி பில் கொடுக்கும் அன்றே சான்றிதழையும் கேட்டு வாங்கிவிடுங்கள், காபி வாங்கிக் கொடுத்தாவது.

முன்வைப்புத் தொகை என்பது ஈஎம்டி. டெண்டர் கிடைத்த பிறகு "வேண்டாம், கட்டுப்படியாகாது" என்று ஓடிவிடாமல் இருக்க நீங்கள் கட்டும் பிணை, கிடைக்காவிட்டால் திரும்பி வந்துவிடும். மாநில விதியில் இது சாதாரணமாக மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, மத்திய விதியில் 2 முதல் 5 சதவீதம். உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, உள்ள குறு, சிறு நிறுவனங்களுக்கு மத்திய அரசு டெண்டர்களில் இந்தத் தொகையிலிருந்து விலக்கு உண்டு, டெண்டர் ஆவணமும் இலவசம். மாநில டெண்டர்களில் அந்த விலக்கு உங்களுக்குப் பொருந்துமா என்பதை அந்தந்த ஆவணத்தில் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், பக்கத்து ஸ்டூடியோக்காரர் சொன்னார் என்று நம்பி ஈஎம்டி கட்டாமல் விட்டுவிடாதீர்கள். உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது, ஆதாரும் பானும் இருந்தால் போதும். இதற்கு ரெண்டாயிரம் ரூபாய் கேட்கிற பிரவுசிங் சென்டர்கள் உண்டு, கொடுக்காதீர்கள்.

சரி, அனுபவமே இல்லாதவன் அனுபவச் சான்றிதழுக்கு எங்கே போவான்? இது நியாயமான கேள்வி. வழி ரெண்டு உண்டு. ஒன்று, டெண்டர் வரை போகாத சின்ன வேலைகள். ஒரு கல்லூரியின் ஆண்டு விழா, ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஒரு முகாம் என்று கொட்டேஷன் கேட்டே முடித்துவிடுவார்கள், தொகை குறைவு, ஆனால் வொர்க் ஆர்டரில் அரசு முத்திரை இருக்கும். ரெண்டாவது, ஏற்கெனவே தகுதி உள்ள மதுரை, திருச்சி நிறுவனங்களுக்குக் கீழே வேலை செய்வது. இதில் சான்றிதழ் அவர்கள் பெயரில் போகும், ஆனால் ஒரு அரசு வீடியோ எத்தனை கை மாறி ஒப்புதல் ஆகிறது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும், அந்தப் பாடம் சான்றிதழை விடப் பெரியது.

மாதிரி வீடியோ கேட்டால் கல்யாண வீடியோவைக் கொண்டுபோகாதீர்கள். எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரே ஒரு கேள்விதான்: இவனால் தெரியாத ஒரு விஷயத்தை மூணு நிமிடத்தில் புரியவைக்க முடியுமா? நான் கைக்காசு போட்டு ஒன்று எடுத்தேன். ஆத்தங்குடியில் ஒரு பட்டறை. கண்ணாடிப் பலகை மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவ அச்சை வைத்து, ஒவ்வொரு அறையிலும் ஒரு கரண்டி வண்ணச் சிமென்ட்டை ஊற்றுகிறார் ஒரு அண்ணன். அச்சை நேராக மேலே தூக்கும்போது கை கொஞ்சம் ஆடினாலும் சிவப்பு மஞ்சளில் கலந்துவிடும். அதன்மேல் காய்ந்த சிமென்ட்டும் மணலும் தூவி, பிறகு ஈரக் கலவை போட்டுத் தட்டி, காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுக்கிறார்கள். கடைசியில் கண்ணாடி தானாகக் கழன்று வருகிறது, கல் பளபளவென்று இருக்கிறது. அந்தப் பளபளப்பு பாலிஷ் இல்லை, கண்ணாடி முகம் கல்லில் பதிந்தது என்பதுதான் அந்த வீடியோ சொல்ல வேண்டிய ஒரே செய்தி. அதை மட்டும் சொன்னேன், 90 நொடி. இசை குறைவு, டிரோன் கிடையாது. எனக்கு முதல் அரசு வேலை வாங்கிக் கொடுத்தது அந்த 90 நொடிதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

எல்-1, மார்க் கூட்டல்

விலைக் கவரைத் திறந்த பிறகு யாருக்குக் கொடுப்பார்கள் என்பதில் ரெண்டு முறை. ஒன்று எல்-1, முதல் கவரில் தேறியவர்களில் குறைந்த விலை போட்டவருக்கு. இன்னொன்று தரத்துக்கும் விலைக்கும் சேர்த்து மார்க் போடுவது. எது என்பது ஆவணத்திலேயே இருக்கும், முதலில் தேட வேண்டிய வரி அதுதான், ஏனென்றால் உங்கள் கணக்கே அதை வைத்து மாறும்.

கற்பனையாக ஒரு கணக்கு. தரத்துக்கு 70, விலைக்கு 30 என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேர் போட்டிருக்கிறார்கள். முதலாமவருக்குத் தர மார்க் 90, விலை 12 லட்சம். ரெண்டாமவர் 75 மார்க், 9 லட்சம். மூன்றாமவர் 80 மார்க், 10 லட்சம். தர மார்க்கை 0.7-ஆல் பெருக்க வேண்டும். விலைக்கு, இருப்பதிலேயே குறைந்த விலையை உங்கள் விலையால் வகுத்து 30-ஆல் பெருக்க வேண்டும். முதலாமவருக்கு 63-ம் 22.5-ம் சேர்த்து 85.5. ரெண்டாமவருக்கு 52.5-ம் முழு 30-ம் சேர்த்து 82.5. மூன்றாமவருக்கு 56-ம் 27-ம், மொத்தம் 83. மூணு லட்சம் கூடப் போட்டவர் ஜெயித்துவிட்டார், ஒன்பது லட்சம் போட்டவர் கடைசி. இதே டெண்டர் எல்-1 முறையில் வந்திருந்தால் அந்த ஒன்பது லட்சக்காரர்தான் எடுத்திருப்பார். இது புரியாமல் எல்லா டெண்டருக்கும் விலையைக் குறைத்துக்கொண்டே போனால், மார்க் முறையில் தோற்பீர்கள், எல்-1 முறையில் ஜெயித்து நஷ்டப்படுவீர்கள்.

எல்-1-ல் சிறு நிறுவனங்களுக்கு இன்னொரு சலுகை மத்திய அரசுப் பக்கம் உண்டு. குறைந்த விலை போட்டவர் சிறு நிறுவனமாக இல்லாமல், உங்கள் விலை அவருடையதைவிட 15 சதவீதத்துக்குள் கூட இருந்தால், "அந்த விலைக்கே செய்கிறாயா" என்று உங்களைக் கேட்டு வேலையில் ஒரு பகுதியைக் கொடுக்க வாய்ப்பு உண்டு. ஒரே வீடியோ என்றால் பிரிப்பது கஷ்டம், ஐம்பது வீடியோ என்றால் இது பெரிய விஷயம்.

எழுதாமல் விட்டது

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆவணத்தில் "3 நிமிட வீடியோ, 10 எண்ணம்" என்று ஒரு வரி இருக்கும். நம் ஆட்கள் அந்த ஒரு வரியை வைத்து விலை போட்டுவிடுவார்கள். அந்த வரியில் இல்லாதது என்ன என்று பாருங்கள். படப்பிடிப்பு எங்கே? சிவகங்கை மாவட்டம் என்றால் திருப்புவனமும் அதுதான், சிங்கம்புணரியும் அதுதான், தேவகோட்டையும் அதுதான், வண்டிக்கு டீசல் யார் போடுவது? ஸ்கிரிப்ட் யார் எழுதுவது, துறை கொடுக்குமா நாமா? பின்னணிக் குரல் தமிழில் மட்டுமா, ஆங்கிலத்திலும் ஒன்று வேண்டுமா? சைகை மொழி பெயர்ப்பாளர் ஓரத்தில் வர வேண்டுமா? போனில் பார்ப்பதற்குச் செங்குத்தாக இன்னொரு வெட்டு கேட்பார்களா? எடுத்த மொத்த ஃபுட்டேஜையும் ஹார்டு டிஸ்க்கில் கொடுக்க வேண்டுமா, டிஸ்க் யார் காசு?

எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி, எத்தனை முறை திருத்தம்? மழைநீர் பற்றி ஒரு வீடியோ செய்தேன். முதல் அதிகாரி நீளம் என்றார், வெட்டினேன். தொழில்நுட்பப் பிரிவில் ஒருவர் குழாயின் அளவு தப்பு என்றார், அது சரியான திருத்தம், கிராஃபிக்ஸை மாற்றினேன். அதற்குள் முதல் அதிகாரிக்கு மாற்றல் வந்தது, புதிதாக வந்தவர் "தலைப்பு ஏன் இப்படி இருக்கு, முதலில் இருந்த நீளமே நன்றாக இருந்திருக்குமே" என்றார். ஆறு தடவை எடிட் டேபிளில் உட்கார்ந்தேன். யாரும் கெட்டவர்கள் இல்லை, ஒவ்வொருவரும் அவரவர் வேலையைத்தான் செய்தார்கள், ஆனால் அந்த ஆறு தடவைக்கு என் விலையில் ஒரு ரூபாய்கூட இல்லை. இப்போதெல்லாம் ப்ரீ-பிட் கூட்டத்துக்கு, அதாவது டெண்டர் போடும் முன் சந்தேகம் கேட்கத் துறை கூட்டும் கூட்டத்துக்கு, முன்பே எழுத்தில் கேட்டுவிடுகிறேன், பக்க எண், பிரிவு எண் போட்டு: ஸ்கிரிப்ட் நிலையில் எத்தனை திருத்தம், எடிட் நிலையில் எத்தனை, ஒப்புதல் தருபவர் யார். பதில் எல்லாருக்கும் பொதுவாகத் திருத்த அறிவிப்பாக வரும், அது ஒப்பந்தத்தில் ஒரு பகுதி ஆகிவிடும். வாயால் கேட்டு வாயால் வாங்கிய பதிலுக்கு மதிப்பில்லை. பதில் வராவிட்டால் அதிகத் திருத்தம் வரும் என்றே வைத்து விலை போடுங்கள்.

இன்னும் ரெண்டு சின்ன விஷயம். பாட்டு, படம், எழுத்துரு எல்லாவற்றுக்கும் உரிமம் உங்களிடம் இருக்க வேண்டும், ஏதாவது வழக்கு வந்தால் நீங்களே பொறுப்பு என்று ஒரு பிரிவில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். கல்யாண வீடியோவில் இளையராஜா பாட்டைப் போட்டுப் பழகிய கை கொஞ்சம் அடங்க வேண்டும். டிரோன் ஷாட் கேட்டிருந்தால், 2021 டிரோன் விதிகளின்படி பதிவு செய்த டிரோனும், தொழிலுக்காகப் பறக்கவிடும்போது 250 கிராமுக்கு மேலான டிரோனுக்குப் பைலட் சான்றிதழும் தேவை, அதற்கும் ஆள் கூலி உண்டு.

விலை

இங்கே ஒரு கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர்க் கூலியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வீடியோவுக்கு ஸ்கிரிப்ட் 8,000, ரெண்டு நாள் படப்பிடிப்பு 30,000, எடிட் 12,000, குரலும் இசை உரிமமும் 6,000, சப்டைட்டிலும் சைகை மொழியும் 6,000, வண்டியும் சாப்பாடும் 6,000. ஆக 68,000. பத்துக்கு 6,80,000. இதோடு நிறுத்துபவர்கள்தான் அதிகம். திருத்தங்களுக்கு 60,000 சேருங்கள், 7,40,000. இந்தப் பணத்தை நீங்கள் முதலில் போட வேண்டும், அரசிடமிருந்து வர ஆறு மாதம் ஆகலாம். வட்டிக் கணக்கு நம் ஊருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை: ஒன்றரை வட்டிக்கு ஆறு மாதம் 9 சதவீதம், 66,600. இப்போது அடக்கம் 8,06,600. லாபம் 95,400 என்று வைத்தால் விலை 9,02,000. இதன்மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், 1,62,360.

அந்த ஜிஎஸ்டியில்தான் குழி. விலைப் பட்டியலில் சில இடத்தில் வரி நீங்கலாகக் கேட்பார்கள், சில இடத்தில் வரி உட்படக் கேட்பார்கள். வரி உட்பட என்று எழுதியிருப்பதைக் கவனிக்காமல் நீங்கள் 9,02,000 என்று போட்டால், அதற்குள் வரி போக உங்களுக்கு நிற்பது 7,64,407 ரூபாய். 95,400 லாபம் போய், 42,193 ரூபாய் கையிலிருந்து போடுவீர்கள். ஒரே ஒரு வார்த்தை. எங்கள் ஆடிட்டர் அண்ணன் இதைத்தான் சொல்வார்: "தம்பி, விலையைக் கடைசியா எழுது, அந்தப் பக்கத்தைத் திறக்கறதுக்கு முந்தி மத்த எல்லாப் பக்கத்தையும் ரெண்டு தடவை படி."

பில் போட்டவுடனே ஜிஎஸ்டி கட்டும் கடமை வந்துவிடும், துறையிடமிருந்து பணம் வரும்வரை அது காத்திருக்காது, அதனால் அந்த 1,62,360-ஐயும் கொஞ்ச நாள் நீங்களே தாங்க வேண்டும். ஒப்பந்தம் இரண்டரை லட்சத்துக்கு மேல் என்றால் அரசுத் துறை 2 சதவீதம் ஜிஎஸ்டி பிடித்துக்கொண்டுதான் பணம் தரும், வருமான வரிப் பிடித்தம் தனி. ரெண்டும் உங்கள் கணக்கில் வந்து சேரும், ஆனால் கையில் வரும் காசு குறையும். வேலை கிடைத்ததும் தனியாக ஒரு பாதுகாப்பு வைப்புத் தொகையும் கட்டச் சொல்வார்கள், அது வேலை முடியும்வரை முடங்கும். தாமதமானால் வாரத்துக்கு அரை சதவீதம், உச்சம் 10 சதவீதம் என்கிற மாதிரி அபராதப் பிரிவும் இருக்கும். தேர்தல் அறிவித்துவிட்டால் நடத்தை விதிமுறையில் சாதனை விளம்பர வீடியோக்கள் அப்படியே நின்றுவிடும், அந்த நாட்களை அபராதக் கணக்கிலிருந்து கழிக்கும்படி அன்றே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

எனக்கு ஒரு துறையிலிருந்து பணம் வர ஏழு மாதம் ஆனது. உத்யம் பதிவு உள்ள சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாமதித்தால் ரிசர்வ் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று சட்டம் இருக்கிறது, அதற்கென்று முறையிடும் மன்றமும் இருக்கிறது. அடுத்த வேலையும் அதே மேஜையிலிருந்துதான் வரும் என்பதால் நான் போகவில்லை. இது கோழைத்தனமா, வியாபாரமா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

அந்த ஒரு பொத்தான்

முதல் டெண்டரில் தோற்ற கதை. ஆன்லைனில் போட மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் கையெழுத்து வேண்டும், பென் டிரைவ் மாதிரி ஒரு டோக்கனில் வரும். அதைக் கடைசி வாரத்தில் வாங்கப் போகக் கூடாது. விலைப் பட்டியல் ஒரு எக்செல் கோப்பாக வரும், அதை இறக்கி, நிறுவனப் பெயரையும் விலையையும் மட்டும் நிரப்பி, அதே பெயரில் ஏற்ற வேண்டும். நான் நல்ல பிள்ளையாக "ஃபைனல்" என்று பெயரில் சேர்த்துச் சேமித்தேன், தளம் வாங்க மாட்டேன் என்றது. அதைக் கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம். கடைசி நாள், மூணு மணிக்கு முடிகிறது, ரெண்டே முக்காலுக்கு எல்லாக் கோப்பும் ஏறி, பச்சை டிக் எல்லாம் வந்தாயிற்று. அப்பாடா என்று டீ குடிக்கப் போய்விட்டேன். அந்தத் தளத்தில் எல்லாவற்றுக்கும் கடைசியில் "ஃப்ரீஸ் பிட்" என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால்தான் டெண்டர் சேர்ந்ததாகக் கணக்கு. அழுத்தியதும் பதிவு எண்ணும் நேரமும் போட்ட ஒரு ரசீது வரும். எனக்கு ரசீது வரவில்லை என்பதே மறுநாள்தான் உறைத்தது. நேரம் என்பது நம் கைக்கடிகாரம் இல்லை, தளத்தின் மேல் மூலையில் ஓடும் சர்வர் கடிகாரம்தான், அது மூணு என்றால் மூணு. குறை சொல்ல ஒருவரும் இல்லை, என்னைத் தவிர.

ஏற்றியவை பூட்டப்பட்டுவிடும், திறக்கும் நாளில் நியமிக்கப்பட்ட அதிகாரிகளில் குறைந்தது ரெண்டு பேர் தங்கள் டிஜிட்டல் கையெழுத்தைப் போட்டால்தான் திறக்கும், பழைய அரக்கு முத்திரைக்குப் பதில் இது. நீங்கள் வீட்டிலிருந்தே பார்க்கலாம், யார் யார் போட்டிருக்கிறார்கள், யார் தேறினார்கள், யார் என்ன விலை என்று எல்லாம் வரும். உங்களை நிராகரித்த காரணம் சரியில்லை என்று தோன்றினால் மாநிலச் சட்டப்படி உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம்.

தோற்றாலும் அந்த ஒப்பீட்டுப் பட்டியலை விடாதீர்கள். நான் ஒரு பழைய பேரேட்டில் எழுதி வைக்கிறேன்: என்ன வேலை, எத்தனை வீடியோ, எல்-1 எவ்வளவு, நான் எவ்வளவு, என்ன காரணத்தால் போனது. பதினேழு வரி ஆகியிருக்கிறது, அதில் மூணு எனக்கு விழுந்தது. முதல் வரியில் காரணம் என்ற இடத்தில் "டீ" என்று எழுதியிருக்கிறேன்.